காது ரெண்டும் தண்ணிக்குள்ள

ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க. நீங்க ஃபோன்ல பாத்துட்டு வர்றது என்ற கண்ணுலயும் பட்டுருச்சு. கோயமுத்தூர்ல இருந்து இந்த பஸ்ஸுல தோளோட தோள் இடிச்சுட்டு உக்காந்திருக்கறோம், பாக்காம எப்படி இருக்கறது? அந்த மரப்பாலம், தண்ணி மேல வரிசையா கூரை வீடு, கீழ பச்சையும் நீலமுமா கடல். மாலத்தீவுதானுங்களே? ஊட்டுக்காரம்மாவைக் கூட்டீட்டுப் போறீங்களா? நல்லதுங்க. போயிட்டு வாங்க, நான் வேண்டாங்கல. ஆனா எத்தனை நாள்ங்கறதை மட்டும் கொஞ்சம் யோசிச்சுப் போடுங்க. ரெண்டு நாள் போதும். நாங்க ஆறு நாள் போனமுங்க. ஆறு நாள்! ஜெயில்ல போட்டாக்கூட ஜாமீன்னு ஒண்ணு இருக்குதுங்க.

எனக்குக் காங்கேயம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால பெயிண்ட் கடை. அர்த்தனாரி பெயிண்ட்ஸ்னா யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. அர்த்தனாரி நான்தான். முப்பத்தியோரு வருஷமா காலையில எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கற ஆளு. காய்ச்சல்னாலும் தூக்குவேன். எங்கப்பா காரியத்தன்னிக்கு மட்டும் பத்து மணிக்குத் தூக்குனேன்.

மக மோகனாவுக்கு பெங்களூருல வேலை. அவ செஞ்ச வேலைதான் இது. "கல்யாணமாகி முப்பது வருஷம் ஆச்சு, ரெண்டு பேரும் ஒரு தடவையாச்சும் எங்கயாவது போயிட்டு வாங்கப்பா"ன்னு டிக்கெட்டே போட்டுட்டா. கேட்டுட்டுப் போடலீங்க, போட்டுட்டுச் சொல்றா. "நாங்கதான் பழனிக்குப் போறோம், சென்னிமலைக்குப் போறோமே"ன்னேன். "அதெல்லாம் காலையில போயி மத்தியானம் திரும்பறதுப்பா"ன்னா. மத்தியானம் திரும்பினாத்தானுங்க கடையைத் தொறக்க முடியும்?

வசந்தாமணி, என்ற சம்சாரம், ஒண்ணுமே சொல்லல. சரின்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. அவ அப்படித்தான். அப்பவே நான் கவனிச்சிருக்கோணும். பெட்டி அடுக்கறப்ப வாய்க்குள்ளயே பாட்டுப் பாடிட்டு இருந்தா. என்ன பாட்டுன்னு கேக்காதீங்க. எனக்குப் பாட்டெல்லாம் தெரியாது.

அவளுக்கு நான் ஒரு குறையும் வெச்சதில்லீங்க. அதை மொதல்ல சொல்லிப்போடறேன். சொந்த ஊடு, ஃபிரிட்ஜ், மிக்ஸி, வாஷிங் மெஷின், நாலு ரூமுக்கும் ஃபேன். திருட்டுப் பயம் இருக்குதுன்னு கிரில் கேட்டை நானே வெளிய பூட்டிச் சாவியைக் கடைக்கு எடுத்துட்டுப் போயிருவேன். அவளுக்கு எந்தக் கவலையும் கெடையாது. மத்தியானம் சாப்பிட வர்றப்ப தொறப்பேன், போறப்பப் பூட்டுவேன். அவளுக்காகத்தான் பூட்டறது. இப்ப அவகிட்டயும் ஒரு சாவி இருக்குதுங்க, அது வேற விஷயம்.

சரி. பிளேன்ல போயி எறங்குனா, ஏர்போர்ட் வாசல்லயே கடல். அங்கிருந்து மோட்டார் போட்டு. முக்கா மணி நேரம் தூக்கித் தூக்கிப் போட்டுது. எனக்கு ரெண்டு தரம் வாந்தி. இவ என்னடான்னா போட்டோட முன்பக்கம் போயி காத்துக்கு மூஞ்சியைக் குடுத்துட்டு உக்காந்திருக்கறா. தலையெல்லாம் கலைஞ்சு போச்சு. "இங்க வந்து உக்காரு"ங்கறேன், எஞ்சின் சத்தத்துல கேக்கலைன்னு கையைக் காட்டறா.

எறங்குனதும் எளநி குடுத்தாங்க, ஈரத்துணி குடுத்தாங்க. பொறவு அந்த மரப்பாலத்து மேலயே கூட்டீட்டுப் போயி ஒரு ஊட்டைக் காட்டுனாங்க. நீங்க பாத்தீங்களே, அதே மாதிரிதான். முன்னாடி பாலம், பின்னாடி ஒரு மரத் திட்டு, அதுல இருந்து கடலுக்குள்ள ஒரு ஏணி. சுத்திலும் தண்ணி. நான் அந்தத் திட்டுல நின்னு கடைக்கு ஃபோன் போட்டேன். கடையைப் பாத்துக்கற செல்லமுத்து எடுத்தான். "வெள்ளை எனாமல் வண்டி வந்துச்சாடா?"ங்கறேன், கை ஈரம், ஃபோன் நழுவிப் போயி, டபக்னு கடலுக்குள்ள.

அந்தத் தண்ணி கண்ணாடிங்க. கீழ மணல்ல ஃபோன் மல்லாக்கக் கெடக்கறது தெரியுது. திடீர்னு வெளிச்சம் அடிக்குது. செல்லமுத்து திருப்பிக் கூப்புடறான்! சின்னச் சின்ன மீனுங்க சுத்தி நின்னு பாக்குது. நானும் மேல நின்னு பாக்கறேன். நாலு தரம் அடிச்சுது. அப்பறம் அணைஞ்சு போச்சு.

"உன்ற ஃபோனைக் குடு"ன்னேன். அவ ஃபோன்ல மக நம்பர் இருக்குது, அவங்கக்கா நம்பர் இருக்குது. "கடை நம்பர் எங்கடி?"ன்னா, "உங்க நம்பர்தானுங்க கடைன்னு போட்டு வெச்சிருக்கறேன்"ங்கறா. கடை கடலுக்குள்ள கெடக்குது. மகளைக் கூப்புட்டா, "செல்லமுத்து அண்ணன் பாத்துக்குவாருப்பா, ஆறு நாளைக்குக் கடையை மறங்க"ன்னு வெச்சுட்டா. மறுக்கா கூப்புட்டா எடுக்கவே இல்ல.

என்ன பண்றதுன்னு தெரியல. நடந்து பாக்கலாம்னு கெளம்புனேன். தீவைச் சுத்தி வந்தா ஆயிரத்தி எறநூறு தப்படி. அவ்வளவுதான் ஒலகம். பன்னெண்டு நிமிஷத்துல கெளம்புன எடத்துக்கே வந்து நிக்கறேன். மறுபடியும் நடந்தேன். எலை கூட்டிட்டு இருந்த ஆளு ஒவ்வொரு சுத்துக்கும் நெஞ்சுல கையை வெச்சு வணக்கம் போடறான். நானும் போட்டேன். ஏழாவது சுத்துல அவனுக்கே சிரிப்பு வந்துருச்சு.

சாப்பாட்டுக்குப் போனா நாப்பது வகை. ஒண்ணுகூட நம்ம வாய்க்கு எறங்காது. "அந்தப் பருப்புப் பொடியை எடு"ன்னேன். எங்க போனாலும் பருப்புப் பொடி, நாரத்தங்காய் ஊறுகாய், ரெண்டும் அவ பையில இருக்குமுங்க. முப்பது வருஷமா இருந்திருக்குது. "மறந்துட்டேனுங்க"ன்னா. மறக்கற பொம்பளை இல்லீங்க அவ. சொல்லிட்டுத் தட்டுல பப்பாளியை வெச்சு ஃபோர்க்குல குத்திக் குத்திச் சாப்பிடறா.

ரெண்டாம் நாள்தான் அந்த நிரோஜினி வந்தா. சிலோன்காரப் பொண்ணு, திருகோணமலை. நாப்பது வயசு இருக்கும். அங்க வர்றவங்களுக்கு நீச்சல் சொல்லிக் குடுக்கறது அவ வேலை. நாங்க தமிழ் பேசறதைக் கேட்டு ஓடியே வந்துட்டா. "எந்த ஊரம்மா நீங்கள்? தண்ணிக்க எறங்கேல்லையே இன்னும்?"ன்னு கேட்டா. நான் சொன்னேன், "நம்ம பக்கம் கெணத்துலயே தண்ணி இல்லம்மா, எங்களுக்கு எதுக்கு நீச்சல்"னு. நான் சொல்லி வாய் மூடல, இவ "எனக்குச் சொல்லித் தர்றீங்களா?"ன்னு கேக்கறா.

அம்பத்திரண்டு வயசுங்க. முட்டி வலின்னு தைலம் தேய்க்கறவ.

அந்தப் பொண்ணே ஒரு டிரெஸ் குடுத்தா. முழுக்கை, முழுக்கால், கழுத்து வரைக்கும் மூடியிருக்குது. அதுல குத்தம் சொல்ல முடியாது. ஆனா நனைஞ்சா எல்லாம் ஒண்ணுதானுங்க. நான் தென்னமரத்தடியில உக்காந்து பாத்துட்டே இருந்தேன். அன்னிக்கு முழுக்க மெதக்கறது மட்டும்தான். "கழுத்தை இறுக்காதேங்கோ அம்மா. இறுக்கினா தாழுவீங்கள். என்ர கை இருக்கு, விடுங்கோ, விடுங்கோ"ன்னு அவ சொல்றா. இவ எந்திரிச்சு எந்திரிச்சு இருமறா, மறுபடியும் படுக்கறா. நாலஞ்சு தரம் மூக்குல தண்ணி ஏறிருச்சு. சரி, விட்டுருவாள்னு நெனைச்சேன். விடல. மத்தியானத்துக்குள்ள அந்தப் பொண்ணு கையை எடுத்துருச்சு. இவ பாட்டுக்குத் தண்ணி மேல படுத்துக் கெடக்கறா. கண்ணை மூடிட்டு. கை ரெண்டும் விரிஞ்சு கெடக்குது. ஒரு அசைவு இல்ல. எந்திரிச்சுக் கூப்புட்டேன். "வசந்தா! வசந்தா!" காதுல விழுகல.

மூணாம் நாள் ரெண்டு காலையும் ஒதைச்சு ஒதைச்சு மல்லாக்கவே நகரக் கத்துக்கிட்டா. ஒரு வெள்ளைக்காரன், மொட்டைத் தலை, கரையில நின்னு பாத்துட்டுக் கட்டைவெரலைத் தூக்கிக் காட்டிக் கை தட்டறான். இவ சிரிச்சா. பல்லுத் தெரியச் சிரிச்சா. சாயங்காலம் சொல்லிட்டேன், "போதும். நாளைக்கு வேண்டாம்."

"நாளைக்கு ஒம்பது மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க"ன்னா.

"நான் வேண்டாங்கறேன்."

"ஒம்பது மணிக்குங்க"ன்னு சொல்லிட்டு ஈரத்துணியைப் புழிஞ்சு காயப்போட்டா. அவ்வளவுதான். எதிர்த்துப் பேசலீங்க. எதிர்த்துப் பேசியிருந்தா நானும் நாலு வார்த்தை கத்திட்டு விட்டிருப்பேன்.

நாலாம் நாள் காலையில என்ன பண்ணுனேன்னா, அவ குளிக்கற ரூமுக்குள்ள போனப்ப கதவைச் சாத்திட்டு வெளிய வந்து, பாலத்து மேல ஒரு நாக்காலியைக் குறுக்கால போட்டு உக்காந்துட்டேன். நான் அடிக்கலீங்க. திட்டலீங்க. கையைப் புடிச்சு இழுக்கல. உக்காந்திருந்தேன், அவ்வளவுதான். ஒம்பது மணிக்குக் கதவைத் தொறந்தா. நான் உக்காந்திருக்கறதைப் பாத்தா. அஞ்சு நிமிஷம் இருக்கும், நின்னுட்டே இருந்தா. நானும் திரும்பல. அப்பறம் கதவு மூடுன சத்தம் கேட்டுது. சரி, புரிஞ்சுக்கிட்டான்னு நெனைச்சேன்.

பத்து மணி ஆச்சு. பத்தரை ஆச்சு. உள்ள ஒரு சத்தமும் இல்ல. கோவத்துல படுத்திருப்பா, பேசிச் சமாதானம் பண்ணலாம்னு உள்ள போனேன். கட்டில் காலி. குளிக்கற ரூம் காலி. பின்னாடிக் கதவு தொறந்து கெடக்குது. அந்த மரத் திட்டுல, ஏணிக்கு மேல, அவ செருப்பு ரெண்டும் ஜோடியா. எங்க ஊட்டு வாசல்ல விடற மாதிரி ஒழுங்கா.

ஏனுங்க, உங்களுக்கு அந்த மாதிரி ஒரு நிமிஷம் வரவே வேண்டாம். நான் கத்துன கத்துல பாலத்துல இருந்தவன், பக்கத்து ஊட்டுக்காரன், எலை கூட்டற ஆளு, எல்லாரும் ஓடி வந்தாங்க. என்ன சொல்லிக் கத்துனேன்னு எனக்கே தெரியல. ரெண்டு பேரு டிரெஸ்ஸோட குதிச்சாங்க. ஒருத்தன் போட்டைக் கெளப்புனான். நான் ஏணியைப் புடிச்சுட்டு ரெண்டு படி எறங்குனேன். அதுக்கு மேல காலு போகல. எனக்கு நீச்சல் தெரியாதுங்களே. தண்ணி பாட்டுக்கு அழகா இருக்குது. நான் அதைப் பாத்துட்டு நிக்கறேன்.

கால் மணி நேரம். அப்பறம் ஒரு ஆளு வந்து தோளைத் தட்டி, வா வான்னு கையைக் காட்டுனான். தீவுக்குப் பின்பக்கம் வேலைக்காரங்க தங்கற எடம். அங்க ஒரு பெஞ்சுல, துண்டைப் போத்திட்டு, இவ டீ குடிச்சுட்டு இருக்கறா. பக்கத்துல நிரோஜினி. ஏணி வழியா எறங்கி, மல்லாக்கப் படுத்து, கரைக்கு வந்திருக்கறா. பாலத்துக்கு அடியிலயே வந்தாளாம். நான் நாக்காலி போட்டு உக்காந்திருந்த பலகைக்கு நேர் கீழ. "உங்க செருப்பு தெரிஞ்சுதுங்க"ன்னா.

எனக்கு அழுகையும் கோவமும் ஒண்ணா வந்துருச்சு. "செத்திருந்தா மகளுக்கு நான் என்னடி பதில் சொல்றது?"ன்னேன். அவ டீயைக் குடிச்சு முடிச்சுட்டு, தம்ளரைக் கீழ வெச்சுட்டு, "நீங்க எதுக்குக் குறுக்க உக்காந்தீங்க?"ன்னு கேட்டா.

முப்பது வருஷத்துல அவ என்னை எதுக்குன்னு கேட்டதில்லீங்க.

அப்பறம் அந்த ரிசார்ட்டு மேனேஜர் வந்தாரு. அந்த ஊர்க்காரரு, மரியாதையான மனுசன். என்னைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டு அவகிட்டத் தனியாப் பேசுனாரு. நிரோஜினிதான் ரெண்டு பக்கத்துக்கும் பாஷை மாத்திச் சொன்னா. பேசிட்டு எங்கிட்ட வந்து, "ஐயா, அவவுக்கு வேற அறை வேணுமெண்டு கேக்கிறா. ஒண்டு சும்மாதான் கிடக்கு, குடுக்கினம்"ங்கறா.

"என்ற பொண்டாட்டிக்கு எதுக்குத் தனி ரூம்?"ன்னேன்.

"எனக்கு வேணுமுங்க"ன்னா வசந்தாமணி.

அத்தனை பேரு முன்னாடி. நான் என்ன குடிகாரனா, கை நீட்டற ஆளா? அந்த மேனேஜர் என்னை அப்படித்தான் பாத்தாரு. எனக்கு அவமானமாப் போச்சு. "நான் ஊருக்குப் போறேன், போட்டைக் கெளப்பச் சொல்லு"ன்னேன். கரையில செவப்புக் கொடி ஏத்தியிருந்தாங்க. காத்து. போட்டு போகாதாம். நாளைக்கும் போகாதாம். அதுக்கு மறாநாள் மத்தியானம் எங்களுக்குன்னு ஏற்பாடு பண்ணுன போட்டுத்தான், அதுவும் காத்து கொறைஞ்சா.

பாத்துக்குங்க. அவ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஆயிரத்தி எறநூறு தப்படித் தீவுல.

அஞ்சாம் நாள் பூரா நான் அந்தத் தண்ணி மேல இருக்கற ஊட்டுலயே கெடந்தேன். வெளிய போனா அவளைப் பாக்கோணும், இல்லீன்னா அந்த மேனேஜரைப் பாக்கோணும். ஏசியை எப்படி நிறுத்தறதுன்னு தெரியல. பட்டப்பகல்ல ரெண்டு சட்டையை மாட்டிட்டு மேல துண்டைப் போத்திட்டு உக்காந்திருந்தேன். டிவியில எல்லாம் வேற பாஷை. என்ற சட்டையில பட்டன் ஒண்ணு அந்திருந்துது, ஊசி எங்க வெச்சிருப்பாள்னு பையைத் தொழாவுனேன், பையே அவகிட்ட. ஃபோன் பண்ணலாம்னா ஃபோன் இல்ல, யாரோடவாச்சும் பேசலாம்னா பாஷை தெரியல. என்ற பேரைச் சொல்லிக் கூப்புட அந்தத் தீவுல ஒரு சீவன் இல்லீங்க. அவளும் பேரைச் சொல்லிக் கூப்புடறவ இல்ல.

மத்தியானம் கதவைத் தட்டி ஒரு ஆளு தட்டு கொண்டாந்தான். மூடியைத் தொறந்தா வெள்ளைச் சோறு, பருப்பு, தயிரு. நாலு நாளா அந்தச் சமையல்கட்டுல இல்லாத பருப்பு. கடுகு தாளிச்சிருக்குது. பெருங்காயம் இல்ல, மத்தபடி கைப்பக்குவம் அவளுதுதான். போயி நின்னு சொல்லிச் செஞ்சிருக்கறா, இல்ல அவளே செஞ்சிருக்கறா. ரெண்டு வாய் சாப்பிட்டேன். அப்பறம் முடியல. ஏன்னு தெரியலீங்க. பசி இருந்துது.

ஆறாம் நாள் காலையில காத்து நின்னு போச்சு. ரெண்டு மணிக்குப் போட்டுன்னு சொல்லி அனுப்புனாங்க. எனக்கு அப்பத்தான் வேற பயம் புடிச்சுது. இவ வருவாளா? வரலைன்னு சொல்லிட்டா? அங்கயே அந்த நிரோஜினி கூடச் சமையல்கட்டுல இருந்துக்கறேன்னுட்டா? ஊருல எறங்கித் தனியா நடந்து போறதை நெனைச்சுப் பாத்தேன். கிரில் கேட்டைத் தொறந்தா உள்ள ஆளே இருக்காது.

கரைக்குப் போனேன். இடுப்பளவு தண்ணியில நின்னுட்டு இருந்தா. தனியா. அந்தப் பொண்ணு தூரத்துல வேற யாருக்கோ சொல்லிக் குடுத்துட்டு இருக்குது.

"ரெண்டு மணிக்குப் போட்டு"ன்னேன்.

"தெரியுமுங்க."

"வர்றியா?"

"நீங்க தண்ணிக்குள்ள வாங்க. வந்தீங்கன்னா சேந்து போலாம்"னா.

"எனக்குத்தான் பயம்னு தெரியுமில்ல."

"தெரியுமுங்க. வாங்க."

வேட்டியைக் கரையில வெச்சுட்டு டவுசரோட எறங்குனேன். அம்பத்தெட்டு வயசுல. வெதுவெதுன்னு இருந்துதுங்க தண்ணி. நெஞ்சு வரைக்கும் கூட்டீட்டுப் போனா. "படுங்க"ன்னா. எப்படிப் படுக்கறது? ஒரு கையை முதுகுக்குக் குடுத்தா, ஒரு கையைப் பொடனிக்குக் குடுத்தா. மூணு தரம் முங்கி எந்திரிச்சேன். "கழுத்தை விடுங்க. காது ரெண்டும் தண்ணிக்குள்ள போகோணும். போனாத்தான் தலை மெதக்கும்"னா. விட்டேன். நாலாவது தரம் ஒடம்பு மெதந்து நின்னுருச்சு.

காது உள்ள போனதும் ஒலகமே அடங்கிப் போச்சுங்க. ஒரு சத்தம் இல்ல. என்ற மூச்சு மட்டும் உள்ள ஓடுது. மேல வானம். அவ மூஞ்சி எனக்குத் தலைமாட்டுல, தலைகீழாத் தெரியுது. அப்பத்தான் பாத்தேன், அவ ஒதடு அசையுது.

பேசறா. என்னைப் பாத்துத்தான் பேசறா. எனக்கு ஒரு எழுத்துக் கேக்கல. தலையைத் தூக்கப் பாத்தேன். உடனே இடுப்பு கீழ போகுது, வாய்க்குள்ள தண்ணி. அவ ரெண்டு விரலை என்ற நெத்தியில வெச்சு மெல்ல அமுக்குனா, படுங்கன்னு. படுத்தேன். மறுபடியும் பேசறா. நிறுத்தல. கால் மணி நேரம் இருக்குமுங்க, கூடவும் இருக்கலாம். கழுத்தைத் தூக்குனா முழுகிருவேன், தூக்கலைன்னா கேக்காது. அவ கை ஒண்ணுதான் என்னைத் தாங்கிட்டு இருக்குது. கோவமாப் பேசற மூஞ்சியும் இல்ல. ஒரு தரம் சிரிச்சா. ஒரு தரம் ரொம்ப நேரம் நிறுத்தி, தூரமாப் பாத்துட்டு, மறுபடி ஆரம்பிச்சா. கண்ணுல தண்ணி இருந்துது, கடல் தண்ணியாவும் இருக்கலாம். கடைசியா ஒதட்டை மூடுனா. என்னைத் தூக்கி நிறுத்துனா.

காதுல இருந்து தண்ணி வடியறதுக்கு முன்னாடியே கேட்டேன், "என்ன சொன்னே?"

"சொல்லிட்டேனுங்க."

"எனக்குக் காதுல விழுகலயே!"

"விழுகோணும்னு இல்லீங்க. நான் சொல்லோணும். சொல்லிட்டேன்"னா. சொல்லிட்டுக் கரையேறித் தலையைத் தொவட்டி, பெட்டியை அடுக்கி, அந்தச் சிலோன்காரப் பொண்ணைக் கட்டிப் புடிச்சுட்டு, ரெண்டு மணிக்குப் போட்டுல ஏறிட்டா. சொன்ன சொல் தவறல. சேந்துதான் வந்தோம்.

எட்டு மாசம் ஆச்சுங்க. ஊட்டுல ஒரு கொறையும் இல்ல. சமைக்கறா, தொவைக்கறா, நல்லாத்தான் பேசறா. முன்னைக்கு இப்ப மூஞ்சி தெளிவா இருக்குதுன்னு அவங்கக்காவே சொல்லுது. எனக்குத்தான் ஒரு வேலை ஓடல. மூணு தரம் கேட்டுட்டேன். "அதான் சொல்லிட்டேனே"ன்னு போயிருவா. மகளைக் கேட்டேன். "அம்மா உங்ககிட்டச் சொன்னதை எங்கிட்டக் கேட்டா எப்படிப்பா?"ன்னுட்டா. கடையில ஆளு வந்து பேசறப்ப நான் அவங்க வாயையே பாக்கறனுங்க. டிவியில சத்தத்தைக் கொறைச்சுட்டு ஒதட்டை மட்டும் பாக்கறேன். செல்லமுத்து எனக்குக் காது போச்சுன்னு நெனைச்சுட்டான்.

அவ என்னதான் சொல்லியிருப்பாங்கறீங்க? ஒரு மனக்கொறை வெச்சுக்கற அளவுக்கு நான் ஒண்ணும் செஞ்சதில்லையே.

ஒண்ணு இருக்குது. அது ரொம்ப நாளாச்சுங்க, இருவத்திரண்டு வருஷம். அவங்கம்மாவுக்கு மேலுக்கு முடியாம இருந்துது, வெள்ளகோவில்ல. இந்த பஸ்ஸுல போனா காங்கேயம் தாண்டி அரை மணி நேரம். அவ போகோணும் போகோணும்னா. மார்கழி மாசமுங்க. பொங்கலுக்கு ஊரே வெள்ளையடிக்குது, பெயிண்ட் கடைக்காரனுக்கு அது ஒண்ணுதான் சீசன். கடைக்கு வேலைக்காரங்க ஏழு பேரு, அத்தனை பேருக்கும் ஊட்டுலதான் சோறு. அவ போயிட்டா யாரு ஆக்கறது? "பொங்கல் முடிஞ்சு போ"ன்னேன். போகிக்கு முந்துன நாள், காலையில ஒம்பது மணிக்கு, அவங்கண்ணன் கடைக்கு ஃபோன் பண்ணுனான். "அம்மாவுக்குப் பேச்சு நின்னுருச்சு மாப்ளே, கண்ணு மட்டும் முழிச்சிருக்குது, வசந்தாவைத்தான் தேடுது, உடனே அனுப்புங்க"ன்னான். சரின்னு வெச்சேன். கடையில கூட்டம் வாசல் வரைக்கும் நிக்குது. மத்தியானச் சோறு ஆகட்டும்னு இருந்துட்டேன். மூணு மணிக்கு ஊட்டுக்குப் போயித்தான் சொன்னேன், இப்பத்தான் ஃபோன் வந்துதுன்னு. ஒன்றரைக்கே உசுரு அடங்கிருச்சாம்.

காலையிலயே ஃபோன் வந்துதுன்னு அவளுக்குத் தெரியாதுங்க. நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. நீங்க யாரோ, நான் யாரோ, பஸ்ஸுல சொல்றேன். அவங்கண்ணன் அன்னிக்குப் பேசற நெலமையில இல்ல. அப்பறமும் சொல்லியிருக்க மாட்டான். அவனும் போயிச் சேந்துட்டான். தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா இத்தனை வருஷம் எனக்குச் சோறு போட்டிருப்பாளா?

அன்னிக்குத் தண்ணிக்குள்ள ஒரு வார்த்தைக்கு அவ ஒதடு ரெண்டும் சேந்து பிரிஞ்சுது. அது மட்டும் எனக்கு நல்லா ஞாபகம். கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்தேன். அம்மான்னாலும் அப்படித்தான் வருது, மன்னிச்சுட்டேன்னாலும் அப்படித்தான் ஆரம்பிக்குது. மாட்டேன்னாலும் அதேதான்.

கேட்டுரலாமுங்க. அம்மாவைப் பத்தியா சொன்னேன்னு ஒரு வார்த்தை கேட்டாப் போதும். ஆனா கேட்டா, அதை எதுக்கு இப்பக் கேக்கறீங்கம்பா. அப்ப நான் மொதல்ல சொல்லோணுமில்லீங்களா.

ஏனுங் கண்டக்டர், கோயில் முக்குல ஒண்ணு எறங்கோணும்! கொஞ்சம் காலை ஒதுக்கிக்கங்க. வர்றனுங்க. சோறாக்கி வெச்சுட்டு உக்காந்திருப்பா. கை காலு கழுவிட்டு உக்காந்தாப் போட்டுட்டே கேப்பா, கோயமுத்தூர்ல என்ன விசேசமுங்கன்னு. ஒண்ணுமில்லைம்பேன்.